கடைசி நாளையாவது விடுங்களேன்

நாளைக் காலை சென்னைக்கு விமானம். கொழும்பில் எனக்கு மிச்சம் இன்று ஒரு நாள்தான். வெள்ளவத்தையில் ரயில் பாதையைத் தாண்டிப் போய்க் கடலைப் பார்த்து உட்கார வேண்டும், அப்புறம் காலிமுகத்திடலில் சுடச்சுட இறால் வடை. இவ்வளவுதான் ஆசை.

ஆனால் காலையிலிருந்து ஆள் மாற்றி ஆள். "தம்பி, இதை மட்டும் அக்காவிட்ட குடுத்துவிடுங்கோ" என்று தேயிலை, மிளகாய்த்தூள், மாசிக் கருவாடு. பாசம் புரிகிறது. பத்து நாளாக இங்கேதானே இருந்தேன், முந்தாநாளே தந்திருக்கக் கூடாதா? பெட்டியை நாலாவது தடவையாகப் பிரித்து, எடை பார்த்து, திரும்ப அடுக்குவதிலேயே மதியம் போய்விட்டது. ஆறு மணி வாக்கில் சூரியன் இறங்கிவிடும். அதற்குள் காலி வீதி (Galle Road) நெரிசலைத் தாண்ட வேண்டும்.

இப்போது நாலரை. வாசலில் மறுபடி யாரோ கூப்பிடுகிறார்கள்.