பிரஷரைக் குறைக்கச் சொன்ன அத்தனை பேருக்கும்

இன்று காலை ஏழு மணி, இன்னும் பல்கூட விளக்கவில்லை, மச்சானிடமிருந்து வாட்ஸ்அப். "மாப்ள, நுரை நின்னுச்சா? நான்தான் அன்னிக்கே சொன்னேனே, பிரஷரைக் குறைன்னு." கூடவே கூலிங் கிளாஸ் போட்ட அந்த மஞ்சள் மூஞ்சி வேறு.

முடியலங்க.

வீட்டில் கெக் (கேஸ் அழுத்தத்தோடு பீர் அடைத்த உலோகப் பீப்பாய்) வைத்து டேப்பில் பீர் ஊற்றிப் பார்த்தவர்களுக்கு மீதியைச் சொல்லவே வேண்டாம். ஆனாலும் சொல்லித் தீர்க்கவேண்டும். சனிக்கிழமை சாயங்காலம், டல்லாஸ் வெயில், கராஜ் உள்ளே இட்லி அவிக்கலாம். ஆறு பேரைக் கூப்பிட்டு, "பாட்டிலெல்லாம் எதுக்கு, நம்ம வீட்லயே டேப் இருக்கு" என்று இந்த வாயால்தான் பீற்றிக்கொண்டேன். டேப்பை இழுத்தேன். புஸ்ஸ்ஸ். டம்ளரில் முக்கால்வாசி நுரை, அடியில் ஒரு மடக்கு பீர். சரி, முதல் டம்ளர் அப்படித்தான் வரும், மேலே டேப் மாட்டியிருக்கிற கம்பம், அந்த டவருக்குள் நிற்கிற சூட்டில் பீர் வருகிற டியூப் சூடாகியிருக்கும், அடுத்தது சரியாகிவிடும் என்றேன். அடுத்தது முழுக்க நுரை. மூன்றாவது டம்ளரில் நுரை விளிம்பைத் தாண்டி என் கைக்கடிகாரத்துக்குள் போனது. நான்காவதற்கு சாம்பார் வைக்கிற பெரிய பாத்திரத்தையே கொண்டுவந்து டேப்புக்கு அடியில் வைத்தேன். ஒரு நண்பர் அதை எட்டிப் பார்த்துவிட்டு, "டபரா இருந்தா குடுங்க, நான் ஆத்தித் தர்றேன்" என்றார். கும்பகோணத்துக்காரர். காபியில் நுரை வந்தால் கும்பிடுகிற ஊர், பீரில் வந்தால் இப்படிக் கிண்டல்.

அப்போதுதான் ஆளாளுக்கு மெக்கானிக் ஆனார்கள். ஒருவர், "டேப்பைப் பாதி மட்டும் திறங்க, மெதுவா வரட்டும்." பாதி திறந்தால் அந்தச் சந்தில் இடிபட்டுத்தான் இன்னும் நுரைக்கும், ஒரே இழுப்பில் முழுசாகத் திறக்கவேண்டும். யார் கேட்டார்கள்? இன்னொருவர் எனக்குத் தெரியாமலே டம்ளர்களை ஃப்ரீசரில் அடுக்கிவிட்டார். உள்ளே பொடிப்பொடியாக ஐஸ் படிந்த டம்ளரில் ஊற்றினால் என்ன ஆகும் என்பதை அன்றைக்கு எல்லோரும் கண்ணாரப் பார்த்தோம்.

மச்சான் மட்டும் ஒன்றும் சொல்லவில்லை. நேராகப் போய் கெக்கரேட்டர், அதாவது கெக்கை வைக்கிற ஃப்ரிட்ஜ், அதன் கதவைத் திறந்து, ரெகுலேட்டர் திருகைப் பிடித்து, 12 பிஎஸ்ஐயில் (அழுத்தத்தை அளக்கிற கணக்கு) இருந்ததை 5-க்கு இறக்கினார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டாரா? நுரை அதிகமானது. "இன்னும் குறைக்கணும்." 2-க்கு இறக்கினார். டேப்பிலிருந்து துப்பல் துப்பலாக வந்தது. நான் குனிந்து டியூபைப் பார்த்தேன்: ஒரு துண்டு பீர், ஒரு துண்டு காற்று, மறுபடி ஒரு துண்டு பீர் என்று கூட்ஸ் வண்டி மாதிரி போய்க்கொண்டிருந்தது. சோடா பாட்டில் மூடியைத் திறந்தால் பொங்குகிறதே, அதே கதைதான். பீருக்குள் கரைந்திருக்கிற கேஸை உள்ளேயே அழுத்திப் பிடித்திருப்பது அந்த பிரஷர். அதைக் குறைத்தால் டம்ளருக்கு வருவதற்கு முன்னால் டியூபிலேயே பிரிந்துவிடும். இதைச் சொன்னேன். "லாஜிக்கா யோசி மாப்ள" என்றார்.

சரி, மச்சான்தான் அப்படி, கெக்கரேட்டர் விற்ற கம்பெனிக்காரனாவது? ஞாயிறு காலை சாட்டில் நாற்பது நிமிஷம். பெயர், மாடல் நம்பர், வாங்கிய தேதி, நுரையின் போட்டோ. கடைசியில் பதில்: பிரஷரைக் குறைத்துப் பார்த்தீர்களா? பிறகு, உங்கள் பிரச்சினை தீர்ந்ததா, ஐந்து நட்சத்திரத்துக்கு எத்தனை தருவீர்கள்?

நானே உட்கார்ந்தேன். அதற்கு முந்தைய இரவே ஒரு டம்ளர் தண்ணீரில் தெர்மாமீட்டரைப் போட்டு உள்ளே வைத்திருந்தேன். வெளியே டிஸ்பிளேயில் ஜம்மென்று 38 ஃபாரன்ஹீட். தண்ணீரில் 45. ஏழு டிகிரி பொய்! பீர் சூடாக இருந்தால் கேஸ் உள்ளே நிற்குமா? அப்புறம் டியூப். ஒரு அங்குலத்தில் பதினாறில் மூன்று பங்கு உள்விட்டம், அது நீளமாக இருந்தால்தான் வழியிலேயே அழுத்தத்தைத் தின்று பீரை நிதானமாக அனுப்பும். வீட்டில் கெக் வைத்திருப்பவர்கள் பத்தடி போடு என்று தலைபாடாக அடித்துக்கொள்கிறார்கள். இந்தக் கம்பெனிக்காரன் கொடுத்தது ஐந்தடி. நூற்றுக்கணக்கில் டாலர் வாங்கிக்கொண்டு, சில்லறைக் காசு டியூபில் ஐந்தடி மிச்சம் பிடித்திருக்கிறான், ஆனையை விற்றவன் அங்குசத்துக்குக் கணக்குப் பார்த்த கதையாக.

பத்தடி வாங்கி மாட்டினேன். பிரஷரை மறுபடி 12-க்கு ஏற்றினேன். குளிர்ச்சியைக் கூட்டி, சாயங்காலம்வரை கதவைத் தொடாமல் காத்திருந்தேன், மடி ஆசாரத்தோடு. டேப்பை இழுத்தேன். வந்தது பாருங்கள், தேன் நிறத்தில், சத்தமே இல்லாமல், மேலே இரண்டு விரல்கடை நுரையோடு. பாதி டம்ளர்வரை.

அப்புறம் புர்ர்ர்ர். நுரை. காலி.

5.16 காலன் கெக். சின்ன டம்ளர் கணக்கில் ஐம்பத்தைந்து வரும். ஆறு பேரும் சேர்ந்து இருபதுகூடக் குடித்திருக்க மாட்டார்கள், மீதியெல்லாம் சாம்பார் பாத்திரம் வழியாக சிங்க்குக்குப் போயிருக்கிறது. கராஜ் தரையில் உட்கார்ந்து தனியாகச் சிரித்தேன். வீட்டுக்காரி கதவைத் திறந்து பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் மூடிக்கொண்டாள்.

இனி டவருக்குள் குளிர் காற்று போக ஒரு குட்டி ஃபேன் வைக்கவேண்டும். அதற்கு ஓர் ஓட்டை போடவேண்டும். ஓட்டை போட டிரில்லிங் மெஷின் வேண்டும். என் டிரில்லிங் மெஷின் தீபாவளியிலிருந்து மச்சான் வீட்டில் இருக்கிறது. "ரெண்டு நாள்ல தர்றேன் மாப்ள" என்றார். எந்த வருஷத்து தீபாவளி என்று கேளுங்கள்.