வண்டிக்குச் செலவு செய்யும் முன், ஒரு நாள் டிராக்குக்குப் போய்வாருங்கள்

கார், பைக் என்றால் சோறு தண்ணி மறந்து திரியும் தம்பிகள் மதுரையில் எனக்கு நிறையப் பேரைத் தெரியும். அடிக்கடி யாராவது கேட்பார்கள். "அண்ணே, எந்த எக்ஸாஸ்ட் போடலாம்? பவர் ஏற எஞ்சின் கம்ப்யூட்டரை ரீமேப் பண்ணலாமா? டயரை அகலமாக்கினா நல்லாருக்குமா?" எல்லோருக்கும் என் பதில் ஒன்றுதான். அந்தக் காசை அப்படியே வை. முதலில் ரேஸ் டிராக்கில் நடக்கும் டிரைவிங் ஸ்கூலுக்கு ஒரு நாள் போய்வா. அதற்கப்புறமும் எக்ஸாஸ்ட் வேண்டும் என்று தோன்றினால் போட்டுக்கொள். கேட்டவர் முகம் வாடிவிடுகிறது. டீக்கடை வாசலில் நின்றுகொண்டு இதை விளக்கிச் சொல்ல முடியவில்லை, அதனால்தான் இங்கே நீளமாக எழுதுகிறேன்.

ரேஸ் டிராக் எங்கோ வெளிநாட்டில் இருப்பது என்று நம் ஊரில் பலர் நினைக்கிறார்கள். தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய வரலாறே உண்டு. இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளம் ஒன்று சோழவரத்தில் இருந்தது. பல வருடங்கள் அதில்தான் ரேஸ் நடந்தது. 1990-ல் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப்பின் டிராக் வந்தது, நீளம் 3.7 கிலோமீட்டர். 2003-ல் கோவை செட்டிபாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே வந்தது, 2.1 கிலோமீட்டர். தானே ரேஸ் கார்களை உருவாக்கி இளம் ஓட்டுநர்களை வளர்த்த கரிவரதனின் பெயரில் அமைந்தது அது. ஃபார்முலா ஒன் ஓட்டிய முதல் இந்தியரான நரேன் கார்த்திகேயனும் கோவைக்காரர்தான். 2005-ல் ஜோர்டன் அணியில் ஓட்டினார். அவர் 1992-லேயே, 15 வயதில், பிரான்சின் வின்ஃபீல்ட் ரேஸிங் பள்ளிக்குப் போனவர். அந்த அளவு கைத்திறன் உள்ளவரே வாத்தியார் முன்னால் உட்கார்ந்துதான் தொடங்கினார் என்பதை, "எனக்கெல்லாம் எதுக்குண்ணே கிளாஸ்" என்று கேட்கும் தம்பிகளிடம் நான் தவறாமல் சொல்லிவிடுவேன்.

நான் போனது கோவைக்கு. திண்டுக்கல், ஒட்டன்சத்திரம், தாராபுரம் வழியாகப் போனால் நாலு மணி நேரப் பயணம். போனதும் சாவியைக் கையில் கொடுத்து "ஓட்டு" என்று யாரும் விடமாட்டார்கள். முதலில் வகுப்பறை. கொடிகளுக்கு அர்த்தம் சொல்வார்கள். மஞ்சள் காட்டினால் முன்னால் ஆபத்து, ஓவர்டேக் கூடாது. சிவப்பு என்றால் எல்லோரும் வேகத்தைக் குறைத்து, வண்டிகள் நிற்கும் பிட் பகுதிக்குத் திரும்ப வேண்டும். நீலம் என்றால் பின்னால் வேகமான வண்டி வருகிறது. அப்புறம் சீட்டில் உட்காரும் முறை. தோள்பட்டை சீட்டை விட்டு எழாமல் கையை நீட்டினால் மணிக்கட்டு ஸ்டியரிங்கின் உச்சியில் படவேண்டும். பிரேக்கை முழுக்க மிதித்த பிறகும் முழங்கால் கொஞ்சம் மடங்கியே இருக்கவேண்டும். வந்திருந்த எல்லோரும் பல வருடம் வண்டி ஓட்டியவர்கள். சீட்டை நகர்த்தாமல் தப்பித்தவர் ஒருவர்கூட இல்லை.

அடுத்து பிரேக். என்னைக் கேட்டால், கட்டணம் மொத்தமும் இந்த ஒரு பாடத்துக்கே சரியாகிவிடும். வேகம் கற்கப் போனவர்களுக்கு முதலில் நிற்கத்தான் சொல்லிக்கொடுக்கிறார்கள். நேராக 80 வரை போய், கோன் வைத்த இடத்தில் முழு பலத்தோடு மிதிக்கவேண்டும். பெரும்பாலோர் முதல் தடவை பாதிதான் மிதிப்பார்கள். பக்கத்து சீட்டிலிருந்து பயிற்சியாளர், "சார், பெடல் உடையாது, தைரியமா மிதிங்க" என்று சொல்லிக்கொண்டே இருப்பார். முழுசாக மிதித்தால் ஏபிஎஸ் வேலை செய்து, காலடியில் பெடல் கடகடவென்று அதிரும். அந்த அதிர்ச்சியில் காலை எடுத்துவிடுவதுதான் மனித சுபாவம். அந்த நொடியில் காலை எடுத்தால் வண்டி நிற்காது. அதிர அதிர மிதித்துக்கொண்டே ஸ்டியரிங்கைத் திருப்பி அடுத்த கோனைச் சுற்றி வரவேண்டும். அதுதான் பயிற்சி. ஏபிஎஸ் இருப்பதே அதற்காகத்தான். சக்கரம் லாக் ஆகாமல் சுழன்றுகொண்டிருந்தால்தான் வண்டி நாம் திருப்பும் பக்கம் திரும்பும்.

2019 ஏப்ரலிலிருந்து நம் நாட்டில் விற்கும் எல்லா கார்களுக்கும், 125 சிசிக்கு மேற்பட்ட எல்லா பைக்குகளுக்கும் ஏபிஎஸ் கட்டாயம். லட்சக்கணக்கில் கொடுத்து வண்டி வாங்குகிறோம், இந்தப் பெடல் அதிர்வதைக் காலில் ஒரு முறைகூட உணராமலே அதை விற்றும் விடுகிறோம். லைசென்ஸ் கொடுக்கும்போது எட்டு போடச் சொல்கிறார்கள், அவசரமாக நிற்கச் சொல்வதில்லை. இது எனக்கு உண்மையிலேயே கோபம் வரவைக்கும் விஷயம்.

வகுப்பில் சொன்ன ஒரு கணக்கை யாரைப் பார்த்தாலும் சொல்கிறேன். இரண்டு கார்கள் பக்கத்தில் பக்கத்தில் போகின்றன. ஒன்று 80-ல், இன்னொன்று 100-ல். இரண்டும் ஒரே கோட்டில், ஒரே அளவு பிரேக் பிடிக்கின்றன. 80-ல் வந்த கார் முழுசாக நின்றுவிடும் இடத்தைத் தாண்டும்போது, 100-ல் வந்த காரின் வேகம் என்ன? 20 என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். விடை 60. வண்டியின் இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தோடு ஏறுவதுதான் காரணம். 100-இன் வர்க்கத்தில் 80-இன் வர்க்கத்தைக் கழித்தால் மிஞ்சுவது 60-இன் வர்க்கம். பத்தாம் வகுப்பில் படித்த பித்தாகரஸ் எண்களேதான். நாலுவழிச் சாலையில் "இன்னும் 20 தானே கூட" என்று அழுத்தும்போது, முன்னால் குறுக்கே வரும் டிராக்டருக்கு அந்த 20 எப்படி 60 ஆகிறது என்று இதற்கு முன் யாரும் எனக்கு விளக்கியதில்லை.

மதியத்துக்கு மேல்தான் டிராக். இங்கே கற்பதெல்லாம் கிரிப் பற்றியது. டயர் தரையைத் தொடும் இடம் சக்கரத்துக்கு ஓர் உள்ளங்கை அளவுதான். அந்த நாலு உள்ளங்கையின் பிடிமானத்தை மாதச் சம்பளம் என்று வைத்துக்கொண்டால், பிரேக்கும் திருப்பமும் ஆக்ஸிலரேட்டரும் அதிலிருந்து செலவாகிற கணக்குகள். முழுவதையும் பிரேக்குக்குக் கொடுத்துவிட்டால் திரும்ப மிச்சம் இருக்காது. அதனால்தான் பெரிய பிரேக்கை நேர்பாதையிலேயே முடிக்கச் சொல்கிறார்கள். கை தேறியபின், திருப்பத்துக்குள் நுழைய நுழைய பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக விடுவதற்குப் பழக்குகிறார்கள். டிரெயில் பிரேக்கிங் என்பது அதைத்தான். பிரேக்கை விடும் அளவும் ஸ்டியரிங்கைத் திருப்பும் அளவும் ஒன்றுக்கொன்று ஈடாக இருக்கவேண்டும். கேட்க எளிது, காலுக்கு வர நாளாகும்.

வேகமாக நுழைந்துவிட்டால் நம்முடைய முன்சக்கர டிரைவ் கார்கள் திரும்ப மறுத்து நேராக இழுத்துக்கொண்டு போகும். அண்டர்ஸ்டியர். அப்போது எல்லோர் கையும் ஸ்டியரிங்கை இன்னும் அதிகமாகத் திருப்பும். ஏற்கெனவே பிடிமானம் இழந்த டயரை இன்னும் வளைப்பதால் பயனே இல்லை. ஆக்ஸிலரேட்டரைக் கொஞ்சம் தளர்த்தி, ஸ்டியரிங்கைக் கொஞ்சம் திரும்பக் கொடுத்தால் முன்டயர் மறுபடி பிடிக்கும். பயத்தில் காலை ஒரேயடியாக எடுத்தால் வண்டியின் எடை முன்னுக்குப் பாய்ந்து பின்பக்கம் லேசாகி வீசிவிடும். இதையெல்லாம் வாசித்துப் புரிந்துகொண்டால் போதாது. சுற்றிலும் மண் பரப்பும் டயர் அடுக்குகளும் ஆம்புலன்ஸும் உள்ள இடத்தில் உடம்புக்குப் பழக்கவேண்டும்.

பிறகு கண். பிரேக் பிடிக்கும் இடத்தை எட்டும்போதே கண் ஏபெக்ஸுக்கு, அதாவது திருப்பத்தின் உள்ஓரத்தை வண்டி தொட்டுப் போகும் இடத்துக்கு, போயிருக்கவேண்டும். ஏபெக்ஸை எட்டும்முன் வெளியேறும் இடத்துக்கு. கண் எங்கே போகிறதோ அங்கேதான் கை போகிறது. சாலையிலும் குழியையே முறைத்துப் பார்த்தவர் குழியில்தான் இறங்குவார். 100 கிலோமீட்டர் வேகத்தில் ஒரு நொடிக்கு 28 மீட்டர் போகிறோம். பானெட்டுக்கு முன்னாலேயே பார்த்துக்கொண்டிருந்தால் எதையும் செய்ய நேரம் இருக்காது.

இதைச் சொன்னவுடன் வரும் முதல் எதிர்ப்பு, எங்கள் வீட்டிலேயே வந்தது. "டிராக்குக்குப் போனா வேகம் பழகிடும்டா, அப்புறம் ரோட்டுல அதே புத்தி வரும்" என்றார் சித்தப்பா. அவருடைய பயம் நியாயமானது. 2023-ல் திறந்த நத்தம் ரோடு மேம்பாலம் 7.3 கிலோமீட்டர். இரவில் அதில் பைக்குகள் கத்திக்கொண்டு போவதைப் பார்க்கும் யாருக்கும் அந்தப் பயம் வரும். ஆனால் அந்தப் பையன்கள் டிராக்குக்குப் போய்வந்தவர்கள் இல்லை. பொதுச்சாலையில் அனுமதியின்றி ரேஸ் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டம் 189-ஆம் பிரிவுப்படி முதல் முறைக்கு 3 மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். சட்டம் இருந்தும் அவர்கள் ஓட்டுகிறார்கள். வேகத்தின் மீதான ஆசையைத் திட்டி அணைக்க முடியும் என்று நான் நம்பவில்லை. எல்லா வண்டியும் ஒரே திசையில் போகும், எதிரே பஸ்ஸும் நாயும் வராத ஒரு இடத்தைக் காட்டி, பக்கத்தில் ஒரு வாத்தியாரை உட்கார வைப்பதுதான் வழி. என்னோடு பயிற்சி எடுத்த திருமங்கலத்துத் தம்பி ஒருவர் இப்போது ரிங் ரோட்டில் முன்வண்டிக்கு விடும் இடைவெளியைப் பார்த்தால் சித்தப்பாவுக்கே பிடிக்கும்.

ஒரு எச்சரிக்கை மட்டும். டிராக்கில் கற்ற எல்லாவற்றையும் சாலைக்குக் கொண்டுவரக்கூடாது. வெளியிலிருந்து உள்ளே வந்து மறுபடி வெளியே போகும் ரேஸிங் லைன், எதிரே யாரும் வராத இடத்துக்கு உரியது. சிறுமலை ஏறும்போது 18 கொண்டை ஊசி வளைவிலும் நம் பக்கத்துக் கோட்டைத் தாண்டவே கூடாது. அங்கே உதவுவது மற்ற பாடங்கள். திருப்பத்துக்கு முன்பே பிரேக், நிதானமாக விடுதல், தூரப் பார்வை. மலைப்பாதை என்றாலே எலுமிச்சம்பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு உட்காரும் என் அம்மா, போன முறை கொடைக்கானல் வரை பேசிக்கொண்டே வந்தார்.

ஸ்கூல் என்ற பெயரில் நடப்பதெல்லாம் ஸ்கூல் இல்லை என்பதையும் சொல்லவேண்டும். டிராக் டே என்று காசு வாங்கிக்கொண்டு, ரவுண்டு விட்டு, போட்டோ எடுத்து, சான்றிதழ் கொடுத்து அனுப்பும் ஆட்களும் உண்டு. அப்படி ஒன்றில் பணம் கட்டிவிட்டு வருத்தத்தோடு திரும்பிய நண்பர் எனக்கு இருக்கிறார். பணம் கட்டும் முன் கேளுங்கள். பயிற்சியாளர் என் காரில் உட்காருவாரா, ஒருவருக்கு எத்தனை மாணவர்கள், ஒவ்வொரு செஷனுக்குப் பிறகும் உட்கார்ந்து பேசுவார்களா, ஆம்புலன்ஸ் டிராக்கிலேயே நிற்குமா. இதற்கெல்லாம் தெளிவாகப் பதில் சொல்லாத இடத்துக்குப் போகவேண்டாம்.

உங்கள் சொந்த வண்டியைக் கொண்டுபோனால் போதும். பெரிய எஞ்சின் வேண்டாம். ஒரு சாதாரண ஸ்விஃப்ட் கற்றுக்கொடுப்பதை, பவர் அதிகமான கார் மறைத்துவிடும் என்பது என் அபிப்பிராயம். போகும் முன் பிரேக் ஆயிலை மாற்றிவிடுங்கள். பழைய ஆயில் ஈரத்தை உறிஞ்சியிருக்கும், சூட்டில் கொதித்துப் பெடல் உள்ளே போய்விடும். டயரின் பக்கச்சுவரில் நாலு இலக்க எண் இருக்கும். 2322 என்றால் 2022-ஆம் வருடத்தின் 23-ஆம் வாரம் தயாரானது. ரொம்பப் பழசாக இருந்தால் மாற்றுங்கள். சில ரவுண்டுகளில் டயர் சூடாகிக் காற்றழுத்தம் ஏறும், அதைக் கவனித்து அவர்கள் சொல்லும் அளவுக்குக் குறைக்கவேண்டும். மெல்லிய அடிப்பாகமுள்ள ஷூ, முழுக்கைப் பருத்திச் சட்டை, நல்ல ஃபுல் ஃபேஸ் ஹெல்மெட். நம் வழக்கமான வண்டி இன்சூரன்ஸ், ரேஸ், வேகச் சோதனை போன்றவற்றுக்குப் பொருந்தாது. டிராக்கில் எதையாவது இடித்தால் செலவு நம்முடையது என்று தெரிந்தே போங்கள். பைக்கில் போகிறவர்கள் லெதர் சூட்டை அங்கேயே வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள்.

செலவு பற்றி. ஒரு நாள் பயிற்சிக்கும் போய்வரும் பெட்ரோலுக்கும் சேர்த்து எனக்கு ஆனது, நல்ல அலாய் வீல் செட்டின் விலையைவிடக் குறைவு. இருந்தாலும் எல்லோராலும் முடியாது என்பது எனக்குத் தெரியும். பைக்கில் டெலிவரி ஓடும் பையனுக்குத்தான் இந்த பிரேக் பாடம் என்னைவிட அதிகம் தேவை, அவன் கோவைக்குப் போக ஒரு நாள் வருமானத்தை விடவேண்டும்.

அதனால் மதுரைக்கு ஒரு பயிற்சி மைதானம் வேண்டும் என்று கேட்கிறேன். ரேஸ் டிராக் கேட்கவில்லை. இது டி.வி.எஸ். பிறந்த ஊர். 1911-ல் டி.வி. சுந்தரம் அய்யங்கார் தொடங்கிய நிறுவனத்தின் பஸ் போவதை வைத்துக் கடிகாரத்தைச் சரிசெய்வார்கள் என்று எங்கள் தாத்தா காலத்தவர்கள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். வண்டி ஓட்டுவதை ஒழுங்கான தொழிலாக மதித்த ஊரில், அவசரமாக பிரேக் பிடித்துப் பழக ஒரு இடம் இல்லை. 200 மீட்டர் நீளத்துக்கு மேடுபள்ளமில்லாத தார்த்தளம், ஓரத்தில் நல்ல இடைவெளி, ஈரத்தில் பழக ஒரு தண்ணீர் லாரி, கொஞ்சம் கோன்கள். இவ்வளவுதான் தேவை. திருமங்கலம் பக்கமோ மேலூர் பக்கமோ பெரிய வளாகமுள்ள கல்லூரிகள் ஞாயிற்றுக்கிழமை மட்டும் இடம் தந்தால்கூடப் போதும். இடம் தர முடிந்தவர்கள், தரக்கூடியவர்களைத் தெரிந்தவர்கள் எனக்கு இன்பாக்ஸில் எழுதுங்கள். கோன்களை நான் வாங்கித் தருகிறேன். கோவையிலிருந்து பயிற்சியாளரை வரவழைக்கும் செலவை நண்பர்கள் சிலர் சேர்ந்து ஏற்கத் தயாராக இருக்கிறோம். முதல் வகுப்பு டெலிவரி ஓடும் பையன்களுக்கு.