பிணைமுறி என்றால் கடன்தான், தம்பி

"கலிபோர்னியாவில் மக்கள் வாக்குப் போட்டதும் பாடசாலைகளுக்கு 10 பில்லியன் டொலர் இலவசமாகக் கிடைத்தது, மத்திய மாகாண சபையும் நாளைக்கே இதைச் செய்யலாம், ஆசிரியர் சம்பளப் பிரச்சினையும் தீரும்" என்று மேலே ஒரு தம்பி எழுதியிருக்கிறார். இதை அப்படியே பகிர வேண்டாம்.

2024 நவம்பரில் அங்கே நிறைவேறிய 2ஆம் முன்மொழிவு, மாநிலம் பிணைமுறி விற்றுக் கடன் வாங்குவதற்கான அனுமதி, அவ்வளவுதான். அதை வட்டியோடு அடைக்க வருடத்துக்குச் சுமார் 500 மில்லியன் டொலர், 35 வருடங்களுக்கு, மாநிலத்தின் பொது நிதியிலிருந்து போகும் என்று அங்குள்ள சட்டமன்ற ஆய்வாளர் அலுவலகமே கணக்குப் போட்டது. அந்தப் பணத்தில் கட்டிடம் கட்டலாம், திருத்தலாம். சம்பளம் கொடுக்க முடியாது. அப்புறம், உள்ளூர்ப் பாடசாலை மாவட்டமும் தன் பங்கைப் போட வேண்டும், பெரும்பாலும் அதற்கும் தனியாக ஒரு உள்ளூர் பிணைமுறி, அதற்கு 55 சதவீத வாக்கு வேண்டும், அந்தக் கடனைக் கடைசியில் அடைப்பது சொத்து வரி. சொத்து மதிப்புக் குறைந்த ஊர்கள் அங்கேயே திணறுகின்றன. காணி உறுதியே இல்லாமல் தோட்ட லய வீடுகளில் இருக்கிற குடும்பங்களிடம் எந்தச் சொத்து வரியை வாங்கப் போகிறோம்?

இலங்கையில் நம் மாகாண சபை கடன் வாங்குவதென்றாலும் பாராளுமன்றச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்குத்தான், அரசியலமைப்பின் 13ஆவது திருத்தத்திலேயே அப்படி இருக்கிறது. வெளிநாட்டுக் கடனைக் கட்ட முடியாது என்று 2022 ஏப்ரலில் அறிவித்த நாடு நாம்.

மழைக்கு மண்மேடு சரிந்து வகுப்பறைச் சுவரில் சாய்ந்து நிற்கிற, தடுப்பில்லாத ஒரே மண்டபத்தில் மூன்று வகுப்பு சத்தம் போட்டுப் படிக்கிற தோட்டப் பாடசாலைகளுக்குப் பணம் கட்டாயம் வேண்டும், சண்டை போட்டாவது கேட்போம். ஆனால் அதை வரவு செலவுத் திட்டத்துக்கு முன்பே கல்வி அமைச்சிடமும் மாகாணக் கல்வித் திணைக்களத்திடமும் கேட்க வேண்டும்.