கிட்ஸ் கிளப்பின் வாசலில் அப்பத்தா

பள்ளி விடுமுறை நெருங்கினால் மதுரையில் பல வீடுகளில் ஒரே பேச்சுத்தான்: கொடைக்கானலா, மூணாறா, தேக்கடியா, ராமேஸ்வரமா? முன்பெல்லாம் அந்தப் பேச்சு அறை வாடகை, சாப்பாடு, வண்டிச் செலவு ஆகியவற்றோடு முடிந்துவிடும். இப்போது "அங்கே கிட்ஸ் கிளப் இருக்கா?" என்று பிள்ளைகளே கேட்கிறார்கள்; ஹோட்டலில் பிள்ளைகளை விளையாட விட்டுப் பார்த்துக்கொள்ளும் இடம் அது. ஒன்பது வயது மகளும் நான்கு வயது மகனும் உள்ள வீட்டின் தாயாக, சில ஆண்டுகளில் ஐந்தாறு ஹோட்டல்களின் கிட்ஸ் கிளப்களை நேரில் பார்த்துவிட்டேன். அவை மாறிவருகின்றன என்பது உண்மை. அந்த மாற்றத்தில் எனக்கு மகிழ்ச்சி தருவதும் உண்டு, மனத்தை உறுத்துவதும் உண்டு என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

இந்த ஏற்பாடு நம் பக்கத்தில் பிறந்ததல்ல. 1950-இல் ஸ்பெயினின் மஜோர்க்கா தீவில் கூடாரங்கள் அடித்துத் தன் முதல் விடுமுறைக் கிராமத்தைத் தொடங்கிய கிளப் மெட் என்ற நிறுவனம், 1967-இல் குழந்தைகளுக்கென்று 'மினி கிளப்' ஒன்றை ஏற்படுத்தியது. பெற்றோர் நீந்தலாம், ஓய்வெடுக்கலாம். பிள்ளைகள் தங்கள் வயதுப் பிள்ளைகளோடு வேறோர் இடத்தில் பத்திரமாக இருப்பார்கள் என்பதே அதன் அடிப்படை. தாயும் தந்தையும் பிள்ளையும் மட்டுமே பயணம் போகும் நாடுகளில் அது பெரிய உதவியாக இருந்திருக்கும் என்பதில் எனக்கு ஐயமில்லை. நம் வீடுகளில் சுற்றுலா என்றால் அப்பத்தாவும் சித்தியும் மாமாவும் சேர்ந்து ஒரு வேன் நிறையக் கிளம்புவதுதான் வழக்கம். பிள்ளையை வைத்துக்கொள்ள ஆள் இல்லையே என்ற குறை அங்கே எழுந்ததில்லை. அதனால் கிட்ஸ் கிளப் இங்கு வந்தபோது, அது எதற்கு என்ற கேள்விக்கு விடை தேடாமலேயே, பந்துக் குளமும் டிவியும் வைத்த ஓர் அறையாக மட்டும் வந்து சேர்ந்தது என்று நினைக்கிறேன்.

2024 மே மாதம், கொடைக்கானலுக்கு இ-பாஸ் நடைமுறைக்கு வந்த புதிதில், நாங்கள் ஏழு பேர் அங்கே ஒரு ரிசார்ட்டில் மூன்று நாள் தங்கினோம். கிட்ஸ் கிளப் உண்டு என்பதற்காகவே மற்ற இடங்களைவிடச் சற்றுக் கூடுதலாகக் கொடுத்து அதைத் தேர்ந்தெடுத்தோம். நான்கு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களுக்கு மட்டும் அனுமதி என்றார்கள். கைக்குழந்தையாக இருந்த மகனை நான் வைத்துக்கொண்டேன்; ஏழு வயது மகளை அழைத்துக்கொண்டு என் அத்தை, அதாவது என் கணவரின் அம்மா, போனார். கதவருகிலேயே, "பெரியவங்களுக்கு உள்ளே அனுமதி இல்லைம்மா" என்று சொல்லிவிட்டார்கள். அத்தை கோபப்படவில்லை. வெளியே இருந்த படிக்கட்டில் சேலைத் தலைப்பை விரித்து உட்கார்ந்துகொண்டார். பேத்தி உள்ளே இருக்கும்போது அறைக்குப் போய்ப் படுக்க அவருக்கு மனம் வரவில்லை.

சாயங்காலம் நான் அங்கே போனபோது, கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் பதினான்கு பிள்ளைகள் ஒரு பெரிய டிவியின் முன் அமர்ந்து கார்ட்டூன் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மதியச் சாப்பாடு முடிந்ததிலிருந்தே அது ஓடிக்கொண்டிருந்ததாக அத்தை சொன்னார். நான்கு வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் ஒரு மணி நேரத்துக்கு மேல் திரை வேண்டாம் என்று உலக சுகாதார அமைப்பு 2019-இலேயே வழிகாட்டுதல் வெளியிட்டிருக்கிறது. அத்தனை தூரம் மலையேறி, வெளியே பைன் மரமும் பனிமூட்டமும் நிற்கையில், வீட்டில் பார்க்க விடாத கார்ட்டூனை அங்கே மூன்று மணி நேரம் பார்க்க வைத்திருந்தார்கள் என்பதை நினைத்தால் இன்றும் வருத்தமாக இருக்கிறது.

அந்தப் பதினான்கு பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு பெண்தான் இருந்தாள். இருபது இருபத்தொரு வயது இருக்கும். வத்தலக்குண்டுப் பக்கத்துக் கிராமம். பிள்ளைகளெல்லாம் கிளம்பிய பிறகு அவள் வெளியே வந்து அத்தையின் பக்கத்துப் படியில் அமர்ந்தாள். அத்தை அப்போது சுருக்குப்பையிலிருந்து நான்கு புளியங்கொட்டைகளை எடுத்து, ஒரு பக்கம் மட்டும் வெள்ளை தெரியும்வரை கல்படியில் தேய்த்துக்கொண்டிருந்தார். எங்கே போனாலும் தாயம் ஆட ஆள் கிடைத்தால் விடமாட்டார். தரையில் கட்டம் போட்டு இருவரும் ஆடத் தொடங்கினார்கள். சிறிது நேரத்திலேயே விதிமுறையில் தகராறு வந்துவிட்டது. காயை வெட்டினால் மறுபடி உருட்டலாம் என்றார் அத்தை. "எங்க ஊர்ல அப்படி இல்லைங்க பாட்டி, தாயம் விழுந்தாத்தான் மறு உருட்டு" என்றாள் அந்தப் பெண். என் மகள் இருவருக்கும் நடுவில் குத்த வைத்து, யார் சொல்வது சரி என்று முகத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதையே உள்ளே பிள்ளைங்களுக்குச் சொல்லிக் கொடுக்கலாமேம்மா" என்று நான் கேட்டேன். "முடியாதுக்கா, லிஸ்ட்ல இருக்கிறதைத்தான் செய்யணும். பத்து மணிக்கு கலரிங், பதினொண்ணுக்கு பலூன் கேம், சாப்பிட்டதும் டிவி. லிஸ்ட் எல்லாம் ஹெட் ஆபீஸ்லருந்து வரும்" என்றாள்.

அன்றிலிருந்து எந்த கிட்ஸ் கிளப்பைப் பார்த்தாலும் எனக்கு அந்த லிஸ்ட்தான் நினைவுக்கு வருகிறது. பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுக்க அந்த மண்ணின் ஆட்டமும் கதையும் பாட்டும் தெரிந்த ஒருத்தியைச் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். ஆனால் எங்கோ இருக்கும் அலுவலகம் அனுப்பிய தாளைப் பார்த்து அவள் டிவி போட வேண்டியிருக்கிறது. ஹோட்டல்கள் எத்தனை லட்சம் செலவழித்து அறையை அலங்கரித்தாலும், அந்தத் தாளை எழுதும் உரிமையில் ஒரு பங்கையாவது அங்கே வேலை செய்பவர்களிடம் கொடுக்காதவரை கிட்ஸ் கிளப் உண்மையாக மாறியதாக நான் ஏற்கமாட்டேன்.

மாற்றம் வேறு விதமாகவும் நடந்துகொண்டிருக்கிறது. இப்போதெல்லாம் விளம்பரங்களில் 'உள்ளூர்ப் பண்பாடு', 'இயற்கை நடை', 'சமையல் வகுப்பு' என்ற சொற்கள் வரத் தொடங்கியுள்ளன. பதின்ம வயதுப் பிள்ளைகளுக்குத் தனி இடம் ஒதுக்குகிறார்கள். பெற்றோரும் பிள்ளைகளும் சேர்ந்து செய்யும் நிகழ்ச்சிகளும் வந்துவிட்டன. வரவேற்க வேண்டியவைதான். ஆனால் ஓரிடத்தில் நான் கண்ட 'பானை செய்தல்' என்பது, சுழலும் சக்கரத்தின் முன் பிள்ளையை உட்கார வைத்து, கையை ஈரமண்ணில் வைக்கச் சொல்லிப் போட்டோ எடுத்து, ஏற்கெனவே சுட்டு வைத்த ஒரு பானையைக் கையில் கொடுத்து அனுப்புவதாக இருந்தது. ஒரு பிள்ளைக்கு இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் போட்டோக்களை அன்றிரவே அந்த ஹோட்டல் தன் இன்ஸ்டாகிராம் பக்கத்திலும் போட்டுவிட்டது. எங்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 18 வயது நிரம்பாதவர்களின் தனிப்பட்ட டிஜிட்டல் தரவுகளைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்று 2023-ஆம் ஆண்டின் தரவுப் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அடுத்தவர் பிள்ளையின் படத்தைக் கேட்காமல் ஊருக்குக் காட்டக் கூடாது என்பது தெரிந்திருக்க வேண்டியதுதானே.

இதற்கு நேர்மாறான ஒன்றையும் பார்த்தேன். சென்ற ஆண்டு ஒரு விசேஷத்துக்காகப் பெங்களூரிலிருந்து வந்த என் தம்பி குடும்பம், மதுரைக்கு வெளியே ஒரு நடுத்தர ஹோட்டலில் தங்கியது. பிள்ளைகள் ஒன்றாக இருக்கட்டும் என்று நாங்களும் அங்கேயே இரண்டு நாள் இருந்தோம். கிட்ஸ் கிளப் என்று பெரிதாக எதுவும் இல்லை. தோட்டத்தில் ஓலை வேய்ந்த ஒரு கொட்டகை, அவ்வளவுதான். அன்று காலை விளாச்சேரியிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். திருப்பரங்குன்றத்துக்கு அருகில் உள்ள விளாச்சேரியின் கொலு பொம்மைகளை அறியாத மதுரைக்காரர் குறைவு. இரண்டு பாதியாக உள்ள கிளி அச்சு ஒன்றைப் பிள்ளைகளிடம் கொடுத்து, பிசைந்து வைத்த மண்ணை அதில் நிரப்பச் சொன்னார். என் மகள் அள்ளி அப்பியதைப் பார்த்துவிட்டு, அவள் பெருவிரலைப் பிடித்து மண்ணின் மேல் வைத்தார். "நடுவுலருந்து ஓரத்துக்கு அமுக்கிக்கிட்டே போகணும் பாப்பா. உள்ள காத்து நின்னுச்சுன்னா சூளையில வெடிச்சுரும்" என்றார். இரண்டு பாதிகளையும் சேர்த்து, இணைப்பில் மண்குழம்பைத் தடவி, மூங்கில் சிம்பால் வழித்து முடிக்க இரண்டு மணி நேரம் ஆயிற்று. யாரும் போட்டோ எடுக்கவில்லை. எல்லார் கையும் மண்ணாக இருந்தது.

கிளியைக் கையோடு கொடுத்துவிடவில்லை. காய வேண்டும், சுட வேண்டும், இரண்டு வாரம் கழித்து வீட்டுக்கு வந்து வாங்கிக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார். அதற்காகவே ஒரு ஞாயிற்றுக்கிழமை விளாச்சேரிக்குப் போனோம். தெருவில் வெயிலுக்கு வரிசையாக வைத்திருந்த தலையில்லாத செட்டியார் பொம்மைகளையும், வண்ணம் பூசக் காத்திருந்த தசாவதார செட்டையும் பிள்ளைகள் வாய் பிளந்து பார்த்தார்கள். மகளின் கிளியில் இறக்கைக்குக் கீழே ஒரு சிறு விரிசல் விழுந்திருந்தது. அங்கே தான் சரியாக அமுக்கவில்லை என்று அவளே கண்டுபிடித்துச் சொன்னாள். இரண்டு மணி நேர வேலைக்கு அந்தப் பெரியவருக்கு ஹோட்டல் என்ன கொடுத்தது என்று எனக்குத் தெரியாது. ஒரு நாள் பிழைப்பை விட்டுவிட்டு வருபவருக்கு ஒரு நாள் வருமானம் குறையாமல் கிடைக்க வேண்டும் என்பதில் மட்டும் எனக்கு உறுதி உண்டு. டிவியும் பந்துக் குளமும் வாங்கக் கணக்குப் பார்க்காதவர்கள் இதில் கணக்குப் பார்க்கக் கூடாது.

மதுரையைச் சுற்றி இதற்குப் பஞ்சமே இல்லை. நகத்தால் துணியைக் கிள்ளி நூல் சுற்றி முடிச்சிடும் சுங்குடி வேலையில், ஒரு கைக்குட்டைக்கான முடிச்சுகளை ஒரு பிள்ளை ஒரு பகலில் போட்டுச் சாயத்தில் முக்கிவிட முடியும். மேலூர் அருகே உள்ள அரிட்டாபட்டி, 2022-இல் தமிழ்நாட்டின் முதல் பல்லுயிர்ப் பாரம்பரியத் தலமாக அறிவிக்கப்பட்டது; அங்குள்ள மலைகளில் விடியற்காலையில் பறவை பார்க்கும் நடைக்கு ஓர் ஹோட்டல் ஏற்பாடு செய்தால் பதின்ம வயதினர் போனைக் கீழே வைப்பார்கள். எல்லாவற்றுக்கும் மேலாகக் கீழடி இருக்கிறது. மதுரையிலிருந்து சுமார் 12 கிலோமீட்டர்தான். 2023 மார்ச்சில் திறந்த அந்த அருங்காட்சியகத்தில் அகழாய்வில் கிடைத்த பகடைக்காய்களும் ஆட்டக்காய்களும், ஓட்டாஞ்சில்லைத் தேய்த்து உருட்டிய வட்டச் சில்லுகளும் உள்ளன. அவற்றைப் பார்த்து அத்தை, "இது நாங்க பாண்டி ஆடுன சில்லு மாதிரியே இருக்கு" என்று சொன்னபோது என் மகள் கண்ணாடிப் பெட்டியைவிட்டு நகரவே இல்லை. கிட்ஸ் கிளப்பில் பெரியவர்களுக்கு இடம் வேண்டும் என்று நான் சொல்வது அதனால்தான். அவர்கள் காவலுக்கு உட்கார அல்ல, சொல்லிக் கொடுக்க வருகிறார்கள்.

அதே நேரத்தில் பெரியவர்களை உள்ளே விடுவது என்றால் யாரையும் விடுவது என்று பொருளல்ல. கொடைக்கானலில் இரண்டாம் நாள், என் கொழுந்தனார் போய் நின்றதும் யார், எவர் என்று கேட்காமலேயே மகளை அனுப்பிவிட்டார்கள். அவர் உறவுக்காரர்தான், ஆனால் அது அவர்களுக்கு எப்படித் தெரியும்? பதிவேட்டில் கொண்டுவந்து விடுபவரின் பெயரும் கையெழுத்தும், அழைத்துப்போக உரிமையுள்ளவர்களின் பெயரும் இருக்க வேண்டும். பிள்ளைகளோடு பழகும் பணியாளர்கள் எல்லாருக்கும் காவல்துறைச் சரிபார்ப்பு நடந்திருக்க வேண்டும். குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம் என்ன சொல்கிறது என்பதும், 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணும் அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பதினான்கு பிள்ளைகளை ஒருத்தியிடம் விட்டுவிட்டு, அவள் கழிப்பறைக்குப் போனால்கூடப் பார்த்துக்கொள்ள ஆளில்லாத நிலையில் வைப்பது, பிள்ளைகளுக்கும் நல்லதல்ல, அவளுக்கும் நியாயமல்ல.

காலாண்டு விடுமுறைக்காகச் சென்ற வாரம் மூன்று ஹோட்டல்களுக்குப் போன் செய்தேன். எத்தனை பிள்ளைக்கு ஒரு பணியாளர், டிவி எத்தனை மணி நேரம் ஓடும், பதிவேடு உண்டா, பாட்டி உள்ளே உட்காரலாமா என்று நான்கு கேள்விகள் கேட்டேன். முதல் இரண்டு இடங்களில் வாட்ஸப்பில் படம் அனுப்புகிறோம் என்று சொல்லி, பந்துக் குளத்தின் படத்தை அனுப்பினார்கள். மூன்றாவது இடத்தில் ரிசப்ஷனில் பேசிய தம்பி சற்று யோசித்து, "பாட்டி உட்காரலாமான்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்லைங்க மேடம், மேனேஜரைக் கேட்டுட்டுச் சொல்றேன்" என்றார். சொன்னபடியே சாயங்காலம் அழைத்தார். இரண்டு பேர் பொறுப்பில் இருப்பார்களாம், டிவி கிடையாதாம், பதிவேடு இனிமேல்தான் போட வேண்டுமாம். "பாட்டி தாராளமா உள்ளே இருக்கலாம் மேடம். ஆனா அங்க எல்லாமே சின்னப் பிள்ளைங்க நாற்காலி, அவங்களுக்குன்னு ஒரு நாற்காலி எடுத்துப் போடச் சொல்லிட்டேன்" என்றார். அங்கேயே பதிவு செய்திருக்கிறேன். அத்தை புளியங்கொட்டை தேய்க்கத் தொடங்கிவிட்டார்.