அந்த 41 பற்றி இன்னும் கொஞ்சம்

எதிர்வீட்டு அத்தைக்கு நடந்ததை வெள்ளிக்கிழமையே எழுதிவிட்டேன். முழுக்கத் திரும்பச் சொல்லப் போவதில்லை. முழங்கால் வலியோடு போனவருக்கு ஆபரேஷன் பலன் தருமா என்று மருத்துவமனையில் கம்ப்யூட்டரில் கணக்குப் போட்டுப் பார்த்தார்கள். "கம்ப்யூட்டர் சொன்னதில் என்ன தப்பு?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்களே, அவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

கம்ப்யூட்டர் மேல் எனக்குக் கோபம் இல்லை. முழங்கால் மூட்டு மாற்றினால் நன்றாகத் தேற 41 சதவீதம்தான் வாய்ப்பு என்று ஒரு தாளைக் கொடுத்து, "வீட்டுக்குப் போங்கம்மா, மாத்திரை எழுதித் தர்றோம்" என்று அனுப்பினார்களே, அதில்தான் கோபம். எண் குறைந்தால் அவருக்குக் கூடுதல் உதவி வேண்டும் என்று அர்த்தம். ஆபரேஷனுக்கு முன்பே தொடைத் தசைக்குப் பயிற்சி கொடுங்கள், சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டுவாருங்கள், வீட்டில் யார் துணை என்று கேளுங்கள். கதவைச் சாத்தவா அந்த எண்?

நீடாமங்கலம் பக்கம் பதினொரு வருடமாக பிசியோதெரபி பார்க்கிறேன். பழைய நோயாளிகளின் வயது, எடை, சர்க்கரை, வலி எல்லாவற்றையும், பிற்பாடு அவர்கள் எப்படித் தேறினார்கள் என்பதோடு பொருத்திப் பார்த்துத்தான் இந்த மென்பொருள்கள் கற்கின்றன. அத்தைக்கு எண் போட்ட மென்பொருள் எந்த ஊர் நோயாளிகளை வைத்துக் கற்றது என்று கேட்டேன். பதில் இல்லை. தேறினார்களா என்று அளக்க நோயாளியிடம் கேட்கும் கேள்வித்தாள் ஒன்று உலகம் முழுக்கப் புழங்குகிறது, ஆக்ஸ்போர்டு முழங்கால் ஸ்கோர் என்று பெயர். அதில் 12 கேள்விகள். காரிலோ பஸ்ஸிலோ ஏறி இறங்க முடிகிறதா, படி இறங்க முடிகிறதா என்றெல்லாம் இருக்கும். சம்மணம் போட்டு உட்காருவது கிடையாது. வரப்பில் நடப்பது கிடையாது. அத்தை நாற்பது வருடம் சேற்றில் குனிந்து நடவு நட்டவர்.

ஆபரேஷன் முடிந்து ஆறு மாதம் கழித்துக் காட்ட வாருங்கள் என்றால் எங்கள் பெண்கள் வருவதில்லை. ஜூன் 12-ல் மேட்டூர் திறந்தால் குறுவை, அப்புறம் சம்பா. நன்றாக நடக்கிறேன் என்று காட்டுவதற்காகக் கூலியை விட்டுவிட்டு இரண்டு பஸ் மாறி யார் வருவார்? வராதவர் மென்பொருள் கற்கும் கணக்கிலும் வருவதில்லை.

"முழங்கால் மாற்றியும் ஐந்தில் ஒருவருக்குத் திருப்தி இல்லையே" என்று ஒரு தம்பி எழுதியிருந்தார். உண்மைதான். பல நாட்டு ஆய்வுகள் ஏறக்குறைய அதைத்தான் சொல்கின்றன. வலி தீராமல் அழுதவர்களை நானே பார்த்திருக்கிறேன். அதை அத்தையிடம் உட்கார்ந்து சொல்லுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும். டாக்டருக்கு நேரமில்லை என்பவர்களுக்கு: எனக்கும்தான் இல்லை.

தொழில்நுட்பத்தின் எதிரி என்றும் சொல்லிவிட்டார்கள். அது வலித்தது. 2021-ல் நேச்சர் மெடிசின் இதழில் வந்த அமெரிக்க ஆய்வைப் படித்துப் பாருங்கள். எக்ஸ்ரேவைப் பார்த்து மூட்டுத் தேய்மானம் எவ்வளவு என்று மருத்துவர் போட்ட தரத்தை விட்டுவிட்டு, நோயாளி சொன்ன வலியையே கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுத்தார்கள். கறுப்பின மக்களுக்குக் கூடுதலாக இருந்த முழங்கால் வலியில் மருத்துவர் தரம் விளக்கியது 9 சதவீதம், அந்தக் கம்ப்யூட்டர் விளக்கியது 43 சதவீதம். நோயாளி பேச்சைக் கேட்ட கம்ப்யூட்டர் அது. நான் கேட்பதும் அதைத்தான்.

என் அப்பாயிக்கு யாரும் எண்கூடப் போடவில்லை. வயசாச்சு என்ற ஒரு வார்த்தையோடு சரி. கடைசி நாலு வருடம் இரண்டு கையையும் தரையில் ஊன்றி நகர்ந்துதான் கொல்லைப்பக்கம் போவாள். உள்ளங்கை காய்த்து வெடித்துக் கிடக்கும். அந்தக் கையால் தலையைத் தடவிக் கொடுத்தால் என் முடி சிக்கிக்கொள்ளும். அப்போது நான் ஒன்பதாவது படித்தேன். எனக்கு ஒன்றும் செய்யத் தெரியவில்லை.

இப்போது தெரியும். சுருட்டிய துண்டை முழங்காலுக்கு அடியில் வைத்து அழுத்தச் சொல்லி நேற்றே அத்தைக்கு ஆரம்பித்துவிட்டேன். முதலில் பத்து எண்ணுவதற்குள் தொடை நடுங்கியது. சாயங்காலம் பதினைந்து வரை தாங்கினார்.

புதன்கிழமை வேறு மருத்துவமனைக்குக் கூட்டிப் போகிறேன். அந்தத் தாளையும் எடுத்து வரணுமா என்று கேட்டார். எடுத்து வாருங்கள் என்றேன். அதன் பின்பக்கம் காலியாகத்தான் இருக்கிறது. வாசலில் எத்தனை படி, கழிப்பறை எங்கே, ராத்திரி துணைக்கு யார் என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டிருக்கிறேன்.