அகலிகையின் இரண்டாவது கல்

புதுமைப்பித்தனின் 'சாப விமோசனம்' கதையை இந்த வாரம் மறுபடியும் எடுத்துப் படித்தேன். 1943இல் கலைமகளில் வந்த கதை. பலரும் படித்திருப்பீர்கள், படிக்காதவர்கள்கூட முடிவைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கோதமன் வேடத்தில் வந்த இந்திரனால் கணவன் கோதமனின் சாபத்துக்கு ஆளாகிக் கல்லாகி, ராமனின் கால் தூசி பட்டு எழுந்தவள் அகலிகை. சீதையைத் தீக்குளிக்கச் சொன்னவன் அதே ராமன் என்று தெரிந்ததும் அவள் மீண்டும் கல்லாகிவிடுகிறாள். இவ்வளவுதான் கதை என்று சுருக்கிச் சொல்லிவிட்டால், அது ராமனைக் கேள்வி கேட்ட கதை. கல்லூரியில் இதைப் பற்றிப் பேசச் சொன்னபோது நானும் அப்படித்தான் பேசினேன். கைதட்டல்கூடக் கிடைத்தது.

இப்போது படிக்கும்போது நான் நின்றுவிடுவது முடிவில் இல்லை, கதையின் நடுவில். யாரும் மேற்கோள் காட்டாத ஒரு பத்தி அங்கே இருக்கிறது. சாபம் நீங்கிவிட்டது. கோதமனும் மனம் மாறிவிட்டான், அன்று அவளைச் சுட்ட சொல்லுக்காக உள்ளுக்குள் வெந்துகொண்டிருக்கிறான். இருவரும் குடிசை கட்டி வாழத் தொடங்குகிறார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் நினைக்கிற இடத்தில் புதுமைப்பித்தன் எழுதுகிறார்: "அவள் மனசில் ஏறிய கல் அகலவில்லை."

அதற்குப் பிறகு வருவதை நிதானமாகப் படித்துப் பாருங்கள். யாரும் சந்தேகப்படாதபடி, யாரும் உற்றுப் பார்க்கக்கூட இடம் கொடுக்காதபடி நடந்துகொள்ள வேண்டும் என்று நினைத்து நினைத்தே அவள் இயல்பாக நடப்பதை மறந்துபோகிறாள். ஒரு வார்த்தை பேசுவதற்கு முன் மனசுக்குள் ஆயிரம் தடவை சொல்லிப் பார்க்கிறாள். கோதமன் சும்மா சொல்கிற வார்த்தைக்கும் உள்ளர்த்தம் இருக்குமோ என்று பதறுகிறாள். சுற்றி நிற்கிற ஆண்கள் எல்லாரும் இந்திரனாகத் தெரிகிறார்கள்.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என் பெரியம்மா ஞாபகம் வரும். வீட்டுக்கு யாராவது வந்துவிட்டுப் போனால், வாசல் கதவைச் சாத்தியதும் எங்களிடம் மெதுவாகக் கேட்பார், "நான் ஏதும் தப்பாப் பேசிட்டேனா?" நன்றாகச் சிரித்துப் பேசிக்கொண்டிருந்த நாட்களில்தான் அந்தக் கேள்வி நிச்சயமாக வரும். பெரியப்பா கை ஓங்கியவர் இல்லை, அதட்டிப் பேசியவரும் இல்லை. எப்போதோ ஒரு காலத்தில், எங்களுக்குத் தெரியாத ஏதோ ஒரு சந்தர்ப்பத்தில், யாரோ ஏதோ சொல்லியிருக்கிறார்கள். அது எழுபது வயது வரைக்கும் அவரை விடவில்லை. பெரியம்மாவைத் தெரிந்த எனக்கு அந்தப் பத்தி புராணக் கதையாகத் தோன்றவே இல்லை.

சரி, கல்லுக்கு வருகிறேன்.

வால்மீகியில் அகலிகை கல்லாவதில்லை. யார் கண்ணிலும் படாமல், காற்றையே உணவாகக் கொண்டு, சாம்பலில் கிடக்க வேண்டும் என்பதுதான் அங்கே சாபம். வந்தவன் இந்திரன் என்று அறிந்தே அவள் சம்மதித்ததாகவும் வால்மீகி சொல்கிறார். கம்பனில்தான் நமக்குப் பழகிய கல் வருகிறது. கம்பனின் விசுவாமித்திரர் அவளை "நெஞ்சினால் பிழைப்பு இலாள்" என்று சொல்லிக் கோதமனிடம் சேர்த்துவைக்கிறார். ராமனைப் பார்த்து "கை வண்ணம் அங்குக் கண்டேன், கால் வண்ணம் இங்குக் கண்டேன்" என்று பூரிக்கிறார். ஆக, கல்லிலிருந்து ஒரு பெண் எழுந்த அந்தக் கணத்தில் புகழ் முழுக்க அந்தக் காலுக்குப் போகிறது. எழுந்தவளின் மனதில் என்ன ஓடியது என்று கேட்க அங்கே ஆளில்லை. கம்பன் விட்ட இடத்திலிருந்து புதுமைப்பித்தன் கேட்கத் தொடங்குகிறார். நெஞ்சினால் பிழை இல்லை என்று பெரியவர்கள் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள், சரி. அதன் பிறகு அவள் எப்படி வாழ்ந்தாள்?

இந்தக் கேள்வி அவருக்குத் திடீரென்று வந்ததில்லை. 1934லேயே 'அகல்யை' என்று ஒரு கதை எழுதியிருக்கிறார். அதில் சாபமே கிடையாது. கோதமன் அவளைப் புரிந்துகொள்கிறான், மனத்தூய்மைதான் கற்பு என்கிறான். இளம் எழுத்தாளனின் நம்பிக்கை தெரிகிற கதை அது. கணவன் மன்னித்தால் போதும், துயரம் தீர்ந்துவிடும் என்று நினைத்த கதை. ஒன்பது வருடம் கழித்து அதே ஆள், மன்னிக்கிற கணவன் பக்கத்திலேயே இருந்தும் தீராத துயரத்தை எழுதுகிறார். இந்த மாற்றத்துக்காகவே எனக்கு அவர் மேல் மரியாதை கூடுகிறது.

ஏன் தீரவில்லை? ஆற்றங்கரைக் காட்சியைப் பாருங்கள். குளிக்கப் போகிற அகலிகையைப் பார்த்ததும் ரிஷிபத்தினிகள் விலகி ஓடுகிறார்கள். அவளை ஒதுக்குவது இங்கே பெண்கள். அப்போதுதான் அவள் கேட்கிறாள்: "சாப விமோசனம் கண்டாலும் பாப விமோசனம் கிடையாதா?" இந்தக் கேள்விக்குக் கோதமனிடம் தத்துவம் இருக்கிறது, பதில் இல்லை. அவன் ராமனோடு தர்மத்தைப் பற்றி மணிக்கணக்கில் பேசக்கூடியவன், நல்லவன். அவனை வில்லனாக எழுதியிருந்தால் கதை எளிதாக முடிந்திருக்கும்.

இத்தனைக்கும் நடுவில் அவளைக் கூச்சமில்லாமல் நிமிர்ந்து பார்க்க வைக்கிற ஆட்கள் இரண்டே பேர், ராமனும் சீதையும். அவள் அவ்வளவு தூரம் நம்புகிற இடம் அது. அதனால்தான் வனவாசம் முடிந்து வந்த சீதை தீக்குளித்ததைச் சொல்லும்போது அப்படி உடைகிறாள். "அவர் கேட்டாரா?" என்கிறாள். கேட்டார், நான் செய்தேன் என்று சீதை அமைதியாகச் சொல்கிறாள். அந்த அமைதி எனக்குத் தீயைவிடப் பயமாக இருக்கிறது. "உலகத்துக்கு நிரூபிக்க வேண்டாமா?" என்று சொல்லி மெதுவாகச் சிரிக்கிறாள். அதற்கு அகலிகை கேட்கிற கேள்விகளில் கடைசியாக வருவது இரண்டே சொல்: "உலகம் எது?"

இந்தக் கேள்வியை இன்றைக்கும் எந்தப் பெண்ணும் சத்தமாகக் கேட்கலாம். நாலு பேர் என்ன நினைப்பார்கள் என்று சொல்கிறவர்களிடம், அந்த நாலு பேர் யார், கூட்டிக்கொண்டு வாருங்கள் என்று கேட்பது போலத்தான் அது.

தூசியை யாரும் கவனிப்பதில்லை என்பது எனக்கு வருத்தம். முதலில் அவளை எழுப்பியது ராமனின் காலில் இருந்த தூசி. சீதையோடு பேசி முடித்த பிறகு அகலிகை ராமனை வழியனுப்ப வெளியே வரவில்லை. அப்போது புதுமைப்பித்தன் எழுதுகிறார்: "காலில் படிந்த தூசி அவனைச் சுட்டது." காலின் பெருமையைப் பாடிய மரபுக்கு அதே காலை வைத்துப் பதில். அகலிகை ராமனிடம் ஒரு வார்த்தை குற்றம் சொல்லவில்லை, வாசலுக்கு வரவில்லை, அவ்வளவுதான்.

அகலிகையின் மனசில் அப்போது 'கண்ணகி வெறி' என்கிறார் கதைசொல்லி. கண்ணகிக்குக் கேள்வி கேட்க ஓர் அரசவை இருந்தது, எரிக்க ஒரு மதுரை இருந்தது. அகலிகைக்கு இருப்பது ஒரு குடிசை. கண்ணகியும் கடைசியில் கல்லானாள்தான். செங்குட்டுவன் இமயத்திலிருந்து கல் கொண்டுவந்து, கங்கையில் நீராட்டிச் சிலை எடுத்தான். இங்கே அது தலைகீழாக நடக்கிறது. பெண் குடிசையிலேயே கல்லாகிறாள், ஆண் அவளை விட்டுவிட்டு இமயத்தை நோக்கி நடக்கிறான்.

முதல் தடவை அவள் கல்லானது ஒரு ஆணின் சொல்லால். இரண்டாவது தடவை யாரும் சபிக்கவில்லை. ஆசையோடு அணைக்க வருகிற கோதமன் அவளுக்கு இந்திரனாகத் தெரிகிறான், நெஞ்சு இறுகுகிறது. அந்த இடத்தில் "என்ன நிம்மதி!" என்று ஒரு வரி. பிறகு "மனச் சுமை மடிந்தது" என்று ஒரு வரி. தலைப்பில் இருக்கிற விமோசனம் எது என்று இங்கேதான் எனக்குப் புரிந்தது. கல் மனிதியானது அல்ல, மனிதி கல்லானதுதான்.

இதை வெற்றி என்று கொண்டாடுகிற தோழிகள் உண்டு, தோல்வி என்று ஒதுக்குகிறவர்களும் உண்டு. இரண்டு பேரோடும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. எனக்கு அது களைப்பு. ஒவ்வொரு வார்த்தையையும் நாலு கோணத்தில் புரட்டிப் பார்த்துப் பேசிக்கொண்டே இருந்த ஒருத்தி, இனி பேசத் தேவையில்லை என்று உட்கார்ந்துவிடுகிற களைப்பு. என் பெரியம்மாவும் கடைசி இரண்டு வருடம் யாரோடும் பெரிதாகப் பேசவில்லை. மறதி என்று வீட்டில் சொன்னார்கள். நான் அதை நம்பியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். கோதமனுக்குத் துறவு என்று ஒரு பாதை இருக்கிறது. மனம் வெறுத்தால் எழுந்து நடக்கலாம், அதற்கு மரபில் மரியாதையான பெயரும் உண்டு. அதே வெறுப்பு வந்தால் அகலிகைக்குப் போக இடமில்லை, நின்ற இடத்திலேயே உறைவதுதான் வழி. கதையின் கடைசி வரிகள் முழுக்கப் பனியில் விரைகிற கோதமனைப் பற்றித்தான். அவனுடைய குதிகால்வரை நமக்குக் காட்டுகிறார்.

குடிசையில் விட்டுவந்த சிலை என்ன ஆயிற்று என்று ஒரு சொல்லும் இல்லை. ஒவ்வொரு தடவையும் கடைசிப் பக்கத்தில் அதைத் தேடுகிறேன்.