விலை ஏறினா மெயில் வரும், இறங்கினா?

நேத்து ராத்திரி 11:20-க்கு, படுக்கப் போற நேரத்துல போன் மினுங்குச்சு. சுற்றுலாக் கப்பல் கம்பெனி மெயில். "கடைசி வாய்ப்பு! நள்ளிரவோட இந்த விலை முடியுது!" அதுக்குக் கீழ ஒரு கடிகாரம் வேற, நொடி நொடியா குறைஞ்சுக்கிட்டே ஓடுது. எழுந்து வந்து இதை எழுதறேன். எழுதலைன்னா தூக்கம் வராது.

விலை ஏறப்போகுதுன்னு சொல்ல இவங்களுக்கு என் மெயில் ஐடி தெரியும். போன் நம்பர் தெரியும். என் பெரியவனோட பொறந்தநாள் கூடத் தெரியும், வாழ்த்து அனுப்பறாங்க. ஆனா போன வருஷம் நான் ஏற்கெனவே காசு கொடுத்து வாங்கின ரூம் 640 டாலர் இறங்கினப்ப ஒரு மெயில்? ஒரு எஸ்எம்எஸ்? மூச்! கிணத்துல போட்ட கல்லு மாதிரி இருந்தாங்க.

கதையை மொதல்லேர்ந்து சொல்றேன். நாங்க டல்லாஸ் பக்கம் இருக்கோம். ஜூன் மாசம் அப்பா அம்மா திருச்சியிலேர்ந்து வர்றாங்க, எல்லாருமா கப்பல்ல போகலாம்னு முந்தின செப்டம்பர்லயே புக் பண்ணேன். அஞ்சு மணி நேரம் கார் ஓட்டினா கால்வெஸ்டன் துறைமுகம். அங்கேர்ந்து 7 ராத்திரி, கோசுமெல், ரோட்டான்னு தீவெல்லாம் சுத்திட்டு வர்ற கப்பல். எங்க நாலு பேருக்கு பால்கனி வச்ச ரூம் 4,860 டாலர். அப்பா அம்மாவுக்கு ஜன்னல் வச்ச ரூம் 2,140. முன்கூட்டியே புக் பண்ணா மலிவுன்னு ஊரே சொல்லுது, அதான் ஒன்பது மாசம் முன்னாடியே.

டெபாசிட் கட்டி ஒரு வாரம் கழிச்சு ஆபீஸ் நண்பர் ஒருத்தர் கேட்டார்: "தினமும் விலை பாக்கறீங்களா?" எதுக்குப் பாக்கணும், வாங்கியாச்சேன்னேன். அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார் பாருங்க, ஏமாளியைப் பாக்கற பார்வை. அப்புறம்தான் விவரம் சொன்னார். கடைசித் தவணை கட்ற தேதி வரைக்கும், அதே கப்பல், அதே தேதி, அதே வகை ரூமோட விலை இறங்கினா, போன் பண்ணிக் கேட்டா குறைச்சுக் கொடுப்பாங்க. கேட்டா மட்டும். கேக்கலைன்னா பழைய விலைதான்.

இந்த "கேட்டா மட்டும்" இருக்கே, அதுல ஆரம்பிச்சுது என் சனியன்.

அன்னிலேர்ந்து தினமும் ராத்திரி சாப்பாடு முடிஞ்சதும் லேப்டாப். விளம்பரத்துல போட்டிருக்கிற விலையைப் பார்த்துட்டு வந்துட முடியாது. அது ஒரு ரூம்ல ரெண்டு பேர்னு கணக்கு வச்சு ஆளுக்கு இவ்வளவுன்னு போட்டது. மூணாவது, நாலாவது ஆளோட விலை அது பாட்டுக்குத் தனியா ஏறி இறங்கும். "குழந்தைகளுக்கு இலவசம்"னு கொட்டை எழுத்துல இருக்கும், உள்ள போய் பொடி எழுத்தைப் படிச்சா ஸ்கூல் லீவு நாளெல்லாம் அதுல சேராது, வரியும் துறைமுகக் கட்டணமும் எப்படியும் கட்டணும். லீவு இல்லாதப்ப எந்தப் பிள்ளையைய்யா கப்பலுக்குக் கூட்டிட்டுப் போறது? அதனால புதுசா புக் பண்ற ஆள் மாதிரியே நடிக்கணும். எத்தனை பேர், என்ன வயசு, எந்த மாநிலம், எந்த ரூம்னு எல்லாத்தையும் போட்டு, கார்டு நம்பர் கேக்கற பக்கம் வரைக்கும் போய், அங்க தெரியற மொத்தத் தொகையைக் குறிச்சுக்கிட்டு, திருடன் மாதிரி பக்கத்தை மூடிட்டு வரணும். தினமும். ரெண்டு ரூமுக்கும். எக்செல்ல ஒரு ஷீட்டே போட்டேன். என் வீட்டுக்காரி எட்டிப் பார்த்துட்டு, "ஏங்க, ஷேர் மார்க்கெட்ல இறங்கிட்டீங்களா? சொல்லவே இல்ல"ன்னா.

ஜனவரி வந்துச்சு. ஜனவரியிலேர்ந்து மார்ச் வரைக்கும்தான் இவங்களுக்கு ஆடித் தள்ளுபடி சீசன். எங்க பால்கனி ரூம் 4,630-ன்னு காட்டுச்சு. 230 டாலர் கம்மி! போனைப் போட்டேன். ஸ்பீக்கர்ல வச்சு, மிளகாய்த்தூள் டப்பா மேல சாச்சு வச்சுட்டு வெங்காயம் நறுக்க ஆரம்பிச்சேன். ஒரு சாக்ஸஃபோன் பாட்டு. நடுநடுவுல "உங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியமானது". வெங்காயம் முடிஞ்சுது. சாம்பார் கொதிச்சுது. பிள்ளைங்க சாப்பிட்டுப் படுத்துட்டாங்க. 1 மணி 40 நிமிஷம் கழிச்சு ஒரு அம்மா வந்தாங்க, சரியா அப்பதான் மறுநாளைக்கு வச்ச சுண்டல் குக்கர் விசில் அடிச்சுது, பேரைக் கூட ரெண்டு தடவை சொல்ல வேண்டியதாப் போச்சு.

அவங்க ரொம்பத் தன்மையாதான் பேசினாங்க. "மாத்திடலாம் சார். ஆனா நீங்க செப்டம்பர்ல புக் பண்ணப்ப கப்பல்ல செலவு பண்ண 200 டாலர் கிரெடிட் கொடுத்திருந்தோம். புது விலையில அது கிடையாது." 230-ல 200 போனா 30. 1 மணி 40 நிமிஷத்துக்கு 30 டாலர்! விலையைக் குறைக்கற மாதிரி குறைச்சு, சலுகையை இந்தப் பக்கம் உருவிக்கறது. ஒரு கையால கொடுத்து மறு கையால பிடுங்கறதுன்னு கேள்விப்பட்டிருப்பீங்க, அன்னிக்கு நேர்ல பார்த்தேன். இருக்கிறபடியே இருக்கட்டும்மான்னு சொல்லி வச்சுட்டேன்.

ஊர்ல கீரைக்காரம்மா கொசுறா ஒரு கொத்து கறிவேப்பிலை போடுவாங்க. மறுநாள் கீரை ஒரு ரூபா குறைஞ்சா, நேத்துப் போட்ட கறிவேப்பிலையைத் திருப்பிக் கொடுன்னு கேட்டதில்ல.

பிப்ரவரியில அப்பா அம்மா ரூம் 1,880-க்கு இறங்குச்சு. மறுபடி போன். இந்தத் தடவை எடுத்த பையன் கெட்டிக்காரன். ரெண்டு கேள்வி கேட்டான், டக்கு டக்குன்னு தட்டினான், "260 டாலர் குறைஞ்சிடுச்சு சார், புது ரசீது மெயில்ல வரும்"னான். ஆறே நிமிஷம். கொடுத்த சலுகை எதுவும் போகல. வீட்டுல எல்லாரும் கை தட்டினாங்க, நானும் ஒரு நாள் முழுக்க மிதந்தேன்.

ராத்திரி படுத்தப்பதான் கோபம் வந்துச்சு. ஆறு நிமிஷ வேலை. ஒரு பையன் நாலு பட்டனைத் தட்டற வேலை. அவன் தட்டறதை கம்ப்யூட்டரே தட்டாதா? என் ரூம் என்ன வகை, நான் எவ்வளவு கொடுத்தேன், இன்னிக்கு அதே ரூம் என்ன விலை, மூணும் அவங்க கிட்டயேதான் இருக்கு. கண்டுபிடிக்க முடியாம இல்ல. கண்டுபிடிச்சா காசு போகும். பத்துப் பேர்ல ஒம்பது பேர் பாக்க மாட்டான், பாக்கற ஒருத்தனும் போன்ல காத்திருந்து வெறுத்துப் போய் வச்சிடுவான்னு தெரிஞ்சே வச்சிருக்கிற ஏற்பாடு இது. ஏஜென்ட் வழியா புக் பண்ணவங்க பாடு இன்னும் மோசம். கம்பெனி பேசவே பேசாது, ஏஜென்ட்டைக் கேளும்பாங்க. ஏஜென்ட்டுக்குக் கட்டணத்துல கமிஷன், கட்டணம் குறைஞ்சா அவர் கமிஷனும் குறையும். அவர் எதுக்கு விழுந்தடிச்சு ஓடப் போறார்? நல்ல ஏஜென்ட்டுங்க இருக்காங்க, இல்லேங்கல, என் நண்பருக்கு அப்படி ஒருத்தர் வாய்ச்சிருக்கார். எல்லாருக்கும் வாய்க்குமா?

ஆட்டோமேட்டிக்கா பண்றது கஷ்டம்னு யாரும் சப்பைக்கட்டு கட்ட வராதீங்க. முன்னாடி இவங்க விளம்பரத்துல வரி, துறைமுகக் கட்டணம் எல்லாத்தையும் ஒளிச்சு வச்சு மொட்டை விலையைக் காட்டுவாங்க, கடைசிப் பக்கத்துல நூத்துக்கணக்குல ஏறும். கலிபோர்னியாவுல முழு விலையைத்தான் காட்டணும்னு சட்டம் போட்டாங்க, 2024 ஜூலை 1 முதல் அமல். பெரிய பெரிய கம்பெனிங்க எல்லாம் அந்த ஒரு மாநிலத்துக்கு மட்டும் தனியா பண்ணாம அமெரிக்கா முழுக்கவே முழு விலை காட்ட ஆரம்பிச்சிட்டாங்க. இத்தனை வருஷமா ஆகாதது, தேதி குறிச்சு சட்டம் வந்ததும் ஆச்சு பாருங்க. (இதுலயும் டிப்ஸ் சேராது. ஆளுக்கு ஒரு நாளைக்கு 16 டாலர்னு வச்சாலே, ஆறு பேருக்கு ஏழு நாளைக்கு 672. அது மட்டும் என்னிக்கும் இறங்கி நான் பார்த்ததில்ல.)

சரி, 640-க்கு வர்றேன். பயணத்துக்கு 90 நாள் முன்னாடி கடைசித் தவணை. மார்ச் நடுவுல மீதிப் பணம் முழுசும் கட்டினேன். ஒன்பதாவது நாள், பழக்க தோஷத்துல சும்மா எட்டிப் பார்த்தேன். எங்க பால்கனி ரூம் 4,220.

கை நடுங்கிடுச்சு. ரெண்டு தடவை திருப்பிப் போட்டுப் பார்த்தேன். 4,220-தான்.

இதுல இருக்கிற சூட்சுமம் அப்புறம்தான் புரிஞ்சுது. எப்ப வேணா கேன்சல் பண்ணிக்கலாம்னு புக் பண்ணி வச்சிருக்கிற ஆளுங்க, டெபாசிட் போகக் கூடாதுன்னு கடைசித் தவணைக்கு முந்தின ஒரு வாரத்துல கும்பலா கேன்சல் பண்ணுவாங்க. அத்தனை ரூமும் ஒரே நேரத்துல திரும்பி வரும். கப்பல் கிளம்பிட்டா காலி ரூமுக்குச் சல்லிக் காசு தேறாது. அந்த ரூம்ல ஒரு ஆள் இருந்தா பார்ல குடிப்பான், கேசினோவுல விடுவான், ஸ்பாவுக்குப் போவான். அதனால விலையை இறக்கியாவது நிரப்புவாங்க. நல்ல வியாபாரம், தப்பே சொல்லல. ஆனா அது நடக்கிறது எப்ப? ஒழுங்கா முன்கூட்டியே புக் பண்ணி, ஒழுங்கா தேதிக்குப் பணம் கட்டினவன் வாயைத் திறக்க முடியாத அந்த வாரத்துல!

இந்த வித்தை எங்க ஊர்ப் பக்கம்தான் பெருசா வளர்ந்துச்சுங்கறது இன்னொரு வயித்தெரிச்சல். 1978-ல அமெரிக்காவுல விமானக் கட்டணத்துக்கு இருந்த கட்டுப்பாட்டை எடுத்தாங்க. அப்புறம், இதே டல்லாஸ் பக்கம் தலைமையகம் வச்சிருக்கிற அமெரிக்கன் ஏர்லைன்ஸ், 1985-ல ஒரே விமானத்துல எத்தனை சீட்டை மலிவா விடணும், எத்தனையை அவசரக்காரனுக்குப் பிடிச்சு வைக்கணும்னு கம்ப்யூட்டர் வச்சுக் கணக்குப் போட்டு விக்க ஆரம்பிச்சாங்க. ஹோட்டல், வாடகைக் கார், கப்பல்னு எல்லாத்துக்கும் பரவிடுச்சு. விக்கிறவனுக்குக் கம்ப்யூட்டர். வாங்கறவனுக்கு எக்செல் ஷீட்டும் மிளகாய்த்தூள் டப்பாவும்.

போன் பண்ணேன். 55 நிமிஷம். "கடைசித் தவணை தேதி தாண்டிடுச்சு சார், ஒண்ணும் பண்ண முடியாது." மேலதிகாரியைக் கூப்பிடுங்கன்னேன். இன்னொரு 20 நிமிஷம். கடைசியா அவர் பெரிய மனசு பண்ணி 100 டாலர் கிரெடிட் கொடுத்தார். கப்பல்லதான் செலவு பண்ணணும், மிச்சம் இருந்தா திரும்பி வராது.

ஜூன்ல போனோம். கடல் நல்லாதான் இருந்துச்சு, அதைக் குறை சொன்னா வாய் வெந்துடும். மூணாம் நாள் காலைல சாப்பிடற இடத்துல பக்கத்து மேஜையில ஹூஸ்டன்லேர்ந்து வந்த ஒரு தெலுங்குக் குடும்பம். எங்க வரிசையிலயே நாலு ரூம் தள்ளி, அதே பால்கனி, அதே நாலு பேர். என் வாய் சும்மா இருக்கா? எவ்வளவுக்குப் புக் பண்ணீங்கன்னு கேட்டுட்டேன். மே மாசம் பண்ணாராம். 3,900 சொச்சம்.

தட்டுல இருந்த உப்புமா அப்படியே நின்னுடுச்சு.

அப்பாவுக்கு விஷயத்தை விளக்கவே முடியல. மின்வாரியத்துல வேலை பார்த்து ரிட்டயர் ஆனவர். "ஏன்டா, பஸ்ல ஏறி டிக்கெட் வாங்கினப்புறம் முன் சீட்டுக்காரனுக்கு ஒரு விலை, பின் சீட்டுக்காரனுக்கு ஒரு விலையா?"ன்னார். 2018 ஜனவரியில தமிழ்நாட்டுல பஸ் கட்டணம் ஏத்தினப்ப காலேஜ் பசங்க ரோட்டுல உக்காந்தாங்க, ஒரு வாரத்துல கொஞ்சம் குறைச்சாங்க. ஏறினதும் எல்லாருக்கும் தெரியும், குறைஞ்சதும் எல்லாருக்கும் தெரியும். இங்க கப்பல்ல இருக்கிற ஆயிரக்கணக்கான பேர் ஆளுக்கொரு விலை கொடுத்துட்டு ஒருத்தருக்கொருத்தர் சிரிச்சுக்கிட்டு லிப்ட்ல போறோம்.

அந்த 100 டாலர் என்ன ஆச்சுன்னு கேப்பீங்க. அம்மாவும் அப்பாவும் கப்பல் மாடிப்படி முன்னாடி நின்ன போட்டோ. மூணு போட்டோ வாங்கினதுல கரைஞ்சுது. அம்மா பட்டுப்புடவை, அப்பா கடன் வாங்கின கோட்டு. திருச்சி வீட்டு ஹால்ல மாட்டியிருக்காங்க. வர்றவங்க கிட்ட அப்பா அதைக் காட்டி, "இது 640 டாலர் போட்டோ"ன்னு சொல்றாராம்.

சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாதும்பாங்க. பூனைக்கு இருக்கிற புத்தி எனக்கு இல்ல. பிள்ளைங்க பிடுங்கி எடுத்ததுல அடுத்த ஜூனுக்கும் புக் பண்ணிட்டேன். ஆனா இந்தத் தடவை எக்செல் ஷீட் என் கிட்ட இல்ல, அப்பா கிட்ட இருக்கு. காலைல அஞ்சரைக்கு எழுந்து, காபி போடறதுக்கு முன்னாடி கப்பல் விலை பாக்கறார். எனக்கு அது முந்தின நாள் சாயங்காலம். வாட்ஸ்அப்ல வரும்: "பால்கனி 4,790. மாற்றமில்லை." சில நாள், "18 ஏறியுள்ளது. கவலை வேண்டாம்." ஆபீஸ்ல எழுதின குறிப்பு மாதிரியே எழுதறார்.

நேத்துச் சாயங்காலம் வந்தது: "112 குறைந்துள்ளது. உடனே போன் செய்யவும். கிரெடிட் போகுமா என்று முதலில் கேள்." போட்டேன். 48 நிமிஷம் சாக்ஸஃபோன் கேட்டுட்டு லைன் கட்டாயிடுச்சு. அப்புறம் ராத்திரி 11:20-க்கு அந்த மெயில் வந்துச்சு.